வண்ணக் கத்தியும் நகர ஓவியமும்

கருவி கலைஞனுக்கு ஏவலாளோ ஆசானோ என்னும் வினா கலையாராய்ச்சியிற் பழமையானது. வெண்பாவை எடுத்துக்கொண்ட புலவன், அவ்வியாப்பினுள் அடங்கத்தக்கவாறே தன் பொருளைச் சிந்திக்கின்றான். கருங்கல்லை எடுத்துக்கொண்ட சிற்பி, மெழுகில் எளிதாக வரும் நுண்மைகளைக் கல்லில் நாடுவதில்லை. ஆதலின் கருவியானது கருத்தை வெளியிடும் வாயில் மட்டுமன்று. கருத்து எவ்வுருவிற் பிறத்தல் கூடும் என்பதை வரையறுக்கும் எல்லையுமாகும். ஓவியத் துறையில் இவ்வுண்மையைத் தெளிவுறக் காட்டுவது வண்ணக் கத்தி. தூரிகையை ஒதுக்கிவிட்டுக் கத்தியாற் படம் எழுதும் முறையைப் புதுமைக் கூத்து என இகழ்வாரும் உளர்; அதுவே துணிவின் அடையாளம் எனப் புகழ்வாரும் உளர். இவ்விகழ்ச்சிக்கும் புகழ்ச்சிக்கும் இடையே அம்முறையின் உண்மைப் பயன் யாது என்பதை, நகரக் காட்சியை எழுதுதல் என்னும் ஒரு துறையில் வைத்து ஆராய்தல் தகும்.

வண்ணக் கத்திக்கு வெட்டும் கூர்மை இல்லை. வளைந்து கொடுக்கும் மெல்லிய எஃகுத் தகடும் மரப்பிடியுமே அதன் உறுப்புக்கள். ஓவியர் இதனை முதலிற் கைக்கொண்டது படம் எழுதுதற்கன்று. வண்ணப் பலகையில் தைல வண்ணங்களைக் குழைத்தற்கும், பிழைபட்ட இடத்தைச் சுரண்டி எடுத்தற்கும், வேலை முடிந்தபின் பலகையைத் துப்புரவு செய்தற்குமேயாம். படம் எழுதுதற்கெனப் பின்னர் அமைந்த கத்தி சற்று வேறுபட்டது. அதன் கழுத்து வளைந்திருக்கும். எழுதுவோனின் விரல்கள் ஈர வண்ணத்திற் படாதவாறு பிடி உயர்ந்து நிற்கும். அதன் வடிவை நோக்குவார்க்கு, வீடு கட்டும் மேசன்மார் கையாளும் சாந்தகப்பை நினைவுக்கு வராமற் போகாது. இவ்வொற்றுமை வடிவளவில் நின்றுவிடுவதன்று. இருவரும் குழைந்த பொருளை அள்ளுகின்றனர், ஒரு பரப்பின்மீது அப்புகின்றனர், இழுத்துச் சமன் செய்கின்றனர், மிகுந்ததை வழித்தெடுக்கின்றனர். ஒருவன் சுவரைச் செய்கின்றான். மற்றவன் சுவரின் தோற்றத்தைச் செய்கின்றான்.

மேலைநாட்டு ஓவிய வரலாற்றிற் கத்தி இடம்பெற்றவாறு கருதத்தக்கது. ஆங்கில நாட்டுக் கொன்ஸ்டபிள் தம் பிற்காலப் படங்களிற் கத்தியால் வண்ணத்தை அப்பினார். பிரான்சிற் கூர்பே என்பார் நோர்மண்டிக் கரையின் பாறைகளையும் அலைகளையும் கத்தியாலேயே எழுதினார். அவர் வழியைப் பின்பற்றி 1860களிற் பிஸாரோவும் இளைஞராயிருந்த செசானும் சிலகாலம் இம்முறையைக் கையாண்டனர். செசான் 1866ஆம் ஆண்டில் எழுதிய, செய்தித்தாள் வாசிக்கும் தம் தந்தையாரின் உருவப்படம் இதற்குப் பேர்போன சான்றாகும். இவர்கள் கத்தியை நாடிய இடங்களை ஒருங்கே நோக்கின் ஓர் உண்மை புலப்படும். பாறை, மண், அலை, தடித்த உடை, சுவர் என அவை பெரும்பாலும் எடையுள்ள பொருள்கள். காற்றில் அசையும் தளிரை எழுதுதற்குக் கத்தியைத் தேடியவர் அரியர். பொருளின் கனத்தைக் காட்டவேண்டுமென்ற வேட்கையே ஓவியரைத் தூரிகையிலிருந்து கத்திக்கு அழைத்துச் சென்றது எனலாம்.

தூரிகைக்கும் கத்திக்கும் உள்ள வேறுபாடு தொழிற்பாட்டில் நன்கு விளங்கும். தூரிகையின் மயிர்கள் வண்ணத்தைப் பிரித்துப் பரப்பும்; ஓரங்களை மென்மையாக்கும்; தயங்குவோனுக்கும் இடம் கொடுக்கும். கத்தியோ தயக்கத்தைப் பொறாது. ஓர் இழுப்பு, ஒரு நிறம், ஒரு தளம் என்பதே அதன் நியதி. ஈரத்தின்மேல் மீண்டும் மீண்டும் இழுத்தால் நிறங்கள் கலங்கிச் சேறாகும். எனவே கைவைக்கும் முன்னரே, இச்சுவர் ஒளியிலுள்ளதா நிழலிலுள்ளதா, இதன் நிறம் அடுத்த சுவரினும் எவ்வளவு வெப்பமுடையது, எது வேண்டும் எது வேண்டா என ஓவியன் முடிவுசெய்துவிடல் வேண்டும். சாளரம் வேண்டின் கத்தியின் நுனியால் ஓர் அழுத்தம் போதும். மின்கம்பமும் கம்பியும் வேண்டின் தகட்டின் விளிம்பை வண்ணத்தில் தோய்த்துப் பதித்தல் போதும். பாதி உலர்ந்த பரப்பின்மீது வேறொரு நிறத்தை மெல்ல இழுத்தால், மேடுகள் மாத்திரமே அந்நிறத்தைப் பற்றிக்கொள்ளும். பள்ளங்களிற் பழைய நிறம் எஞ்சி நிற்கும். சுண்ணாம்பு உதிர்ந்த பழஞ்சுவரின் தோற்றம் அவ்வாறே உண்டாகின்றது. ஈரப் பரப்பைச் சுரண்டினால் அடியிலுள்ள படை வெளிப்படும். இவை யாவும் காட்சியை அப்படியே வரைதல் அல்ல. காட்சிப் பொருள் உண்டாகியவாறே படத்தையும் உண்டாக்குதல் ஆகும்.

இக்கருத்துத் தமிழறிந்தார்க்குப் புதிதாகத் தோன்றாது. பழந்தமிழில் ‘நகர்’ என்னுஞ் சொல் ஊரை மட்டும் குறித்ததன்று. இல்லத்தையும் அரண்மனையையும் கோயிலையும் குறித்தது. மதுரைக்காஞ்சி மதுரையைக் காட்டும்போது அகழியையும் மதிலையும் வாயிலையும் கடந்தே வீதிக்குள் அழைத்துச் செல்கின்றது. நெடுநல்வாடை அரசியின் மனைச் சுவரைச் செம்பினாற் செய்தது போன்றதெனக் காட்டுகின்றது. அப்புலவர்கள் நகரைத் தொலைவிலிருந்து நோக்கி அழகு எனக் கூறி அமைந்தாரல்லர். சுவரைத் தொட்டறிந்தவர் போலப் பாடினர். நகர ஓவியத்திற்கும் இதுவே உரைகல். தொலைவிலிருந்து நோக்கிய அழகா, தொட்டறிந்த சுவரா என்று கேட்டால் பல படங்களின் தகுதி வெளிப்பட்டுவிடும்.

இவ்வுரைகல்லில் முதலில் வைத்து நோக்கத்தக்கவர் மொறிஸ் உத்றில்லோ. 1883இல் பாரிஸ் நகரின் மொன்மார்த்திற் பிறந்த இவர், தாயாரும் ஓவியருமாகிய சுசான் வலதோனின் தூண்டுதலால் ஓவியத்திற் புகுந்தவர். ஏறத்தாழ 1909 முதல் 1914 வரையுள்ள காலம் இவரது ‘வெண்மைக் காலம்’ என வழங்கப்படும். அக்காலப் படங்களில் மொன்மார்த்தின் ஒடுங்கிய தெருக்களும் உரிந்த சுவர்களுமே பொருள். அச்சுவர்களின் வெண்மையை வெறும் வண்ணத்தாற் பெற இயலாதெனக் கண்ட உத்றில்லோ, சுண்ணச்சாந்தையும் பசையையும் வண்ணத்தோடு கலந்து கத்தியால் அப்பினார். சுவரைச் சுவரின் பொருளாலேயே எழுதினார் என்க. வியப்புக்குரியது யாதெனின், இவர் பல படங்களை அஞ்சலட்டைப் படங்களைப் பார்த்தே எழுதினார் என்பதாகும். அஞ்சலட்டையைப் பார்த்து எழுதியும் அவை அஞ்சலட்டைகளாகவில்லை. தெருவின் வரைபடத்தை மட்டுமே அட்டை கொடுத்தது. சுவரின் நைவையும் ஈரத்தையும் தனிமையையும், பிறந்து வளர்ந்த இடத்தின் நினைவும் கத்தியுமே கொடுத்தன. கண்முன் நிற்கும் காட்சியை நோக்கி எழுதினால்மட்டும் உண்மை வாய்த்துவிடும் என எண்ணுவார்க்கு இஃதொரு நல்ல விடை.

அடுத்து நோக்கத்தக்கவர் நிக்கொலா த ஸ்தாயெல். ரஷியாவிற் பிறந்து பிரான்சில் வாழ்ந்து 1955இல் மறைந்தவர். 1952இல் இவர் எழுதிய ‘கூரைகள்’ என்னும் பெரும்படம் பாரிஸின் பொம்பிடூ நிலையத்தில் உள்ளது. அதன் கீழ்ப்பாதியிற் சாம்பலும் வெண்மையும் கருமையுமான கட்டிகள் ஒன்றோடொன்று நெருங்கியுள்ளன. மேற்பாதியில் அகன்ற சாம்பல்நிற வெளி ஒன்று. தலைப்பை அறியாதவர் அதனை உருவமற்ற படமென்பர். அறிந்தவர்க்குக் கீழே கூரைகளும் மேலே வானமும் விரியும். ஓடு, புகைபோக்கி, சாளரம் என ஒன்றும் தனித்துக் காட்டப்படவில்லை. ஆயினும் நகரின் நெருக்கம் முழுவதும் அங்கு உள்ளது. கத்தி விவரங்களை எவ்வளவு தூரம் துறக்க வல்லது என்பதற்கு இப்படம் எல்லைக்கல். ஆயினும் இவர் தம் வாழ்வின் இறுதியில் தடித்த வண்ணத்தைக் கைவிட்டு, மெல்லிய படைகளால் எழுதும் முறைக்குத் திரும்பினார் என்பதும் மறக்கத்தக்கதன்று. கருவி வழிபாட்டுக்குரியதன்று, கருத்து மாறும்போது கருவியும் மாறுதல் இயல்பே.

இந்திய ஓவியர் இருவர் இவ்விடத்து நினைக்கத்தக்கவர். முதல்வர் எஸ். எச். ரஸா. 1922இல் மத்திய இந்தியாவிற் பிறந்த இவர், 1947இற் பம்பாயில் தோன்றிய முற்போக்குக் கலைஞர் குழுவின் முதல்வர்களுள் ஒருவர். 1948இற் காஷ்மீரில் இவரது நகரக் காட்சிப் படங்களைக் கண்ட பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் கார்ட்டியே-பிறெசோன், அவற்றிற் கட்டமைப்புக் குறைவு என்றும், செசானின் ஓவியங்களைக் கற்கவேண்டும் என்றும் கூறினார். கட்டடங்களை எழுதியவரின் படத்திற் கட்டமைப்பு இல்லை என்பது கடுந்தீர்ப்பே. ரஸா அத்தீர்ப்பைச் சினவாது ஏற்றார். 1950இற் பாரிஸ் சென்று பயின்றார். அதன்பின் அவர் எழுதிய பிரெஞ்சுச் சிற்றூர்களின் வீடுகளும் கோயில்களும் கோடுகளால் வரையப்பட்டன போலாது, தடித்த தைல வண்ணத்தைக் கத்தியால் அடுக்கிக் கட்டப்பட்டன போல நிற்கின்றன. 1956இற் பிரெஞ்சு விமரிசகர் பரிசு அவருக்குக் கிடைத்தது. பிறநாட்டார் ஒருவர் அதனைப் பெற்றது அதுவே முதல் முறை. பிற்காலத்தில் ‘பிந்து’ என்னும் வட்ட வடிவமே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. ஆயினும் அவ்வட்டத்தின் உறுதி, முன்னர்ச் சுவர்களை அடுக்கிப் பழகிய கையிலிருந்து வந்ததென உய்த்துணர்தல் பிழையாகாது.

மற்றவர் ராம் குமார். 1924இற் சிம்லாவிற் பிறந்து, பொருளியல் கற்று, பாரிஸில் ஆந்திரே லோத், பெர்னான் லேஜே ஆகியோரிடம் பயின்று, 2018இல் மறைந்தவர். இந்தி மொழியிற் சிறுகதைகளும் எழுதியவர். 1950களில் இவர் எழுதியவை பெரும்பாலும் நகரத்து நடுத்தர மக்களின் துயர முகங்களே. 1960ஆம் ஆண்டளவில் ஹுசேன் என்னும் ஓவிய நண்பருடன் காசிக்குச் சென்றார். அப்பயணம் இவரது கலையை இரண்டாகப் பிரித்துவிட்டது. காசி என்றதும் எவர் உள்ளத்திலும் தோன்றுவது மக்கட்கூட்டமே: நீராடுவோர், பிதிர்க்கடன் செய்வோர், துறவியர், கைம்பெண்டிர், படகோட்டிகள். ராம் குமாரின் காசியிலோ மனிதர் எவருமிலர். ஒன்றன்மேலொன்று சாய்ந்த வீடுகள், இருண்ட வாயில்கள், கங்கையை நோக்கி இறங்கும் படித்துறைகள், ஈரமான சாம்பலும் பழுப்பும் கருமையும் ஆகியவையே எஞ்சின. கத்தியால் அழுத்தி இழுக்கப்பட்ட தளங்கள் சில, சுடலையிலிருந்து வரும் புகை படிந்தன போலக் கிடக்கின்றன.

மனிதரை நீக்கியது குறையா, நிறைவா என்பது விமரிசகர் எதிர்கொள்ளவேண்டிய வினா. காசியின் கூட்டத்தை எழுதியிருப்பின் அது காட்சிப் படமாகியிருக்கும். யாத்திரிகனின் வியப்பைத் தாண்டியிராது. கூட்டத்தை நீக்கியபோது, அக்கூட்டம் எதற்காக அங்கு வந்ததோ அது வெளிப்பட்டது. சாவை நோக்கி வந்து காத்திருப்போரின் மோனம் அவ்வெற்றுப் படிகளில் உள்ளது. முன்னர் முகங்களில் எழுதிய துயரை இப்போது சுவர்களில் எழுதினார். இது கத்தியாற் கூடிய வெற்றி. தூரிகை மனிதரை வரைய இடையறாது அழைக்கும். கத்தியோ சிறு உருவங்களுக்கு எளிதில் இணங்காது. அவ்விணங்காமையையே ராம் குமார் தம் பொருளாக்கிக்கொண்டார். பின்னர் இவர் படங்களில் வீடுகளும் கரைந்து, நிலமும் நீரும் வெளியுமான தளங்களே நின்றன. அவற்றுட் சில அழகியவாயினும், காசிப் படங்களின் அழுத்தம் யாவற்றிலும் இல்லை. சுவரை இழந்தவிடத்துக் கத்தி சற்றே பற்றுக்கோட்டையும் இழந்தது எனக் கூறலாம்.

இம்முறையின் மறுபக்கத்தையும் காட்டாவிடின் மதிப்பீடு நடுநிலையாகாது. இணையவழி விற்பனையால் உலகெங்கும் அறியப்பட்டவர் லியோனிட் அப்றேமொவ் என்பார். 1955இல் விற்றெப்ஸ்க் நகரிற் பிறந்து 2019இல் மறைந்த இவர், மழையில் நனைந்த பூங்காத் தெருக்களையும், விளக்குக் கம்பங்களையும், குடையின்கீழ்ச் செல்லும் இணைகளையும் கத்தியால் மிக்க வண்ண ஒளியோடு எழுதினார். கைத்திறன் மறுக்கொணாதது; பல இல்லங்களில் அவர் படங்கள் மகிழ்ச்சியும் ஊட்டுகின்றன. ஆனால் அத்தெரு எந்த நகரத்துத் தெரு என்று கேட்டால் விடையில்லை. எந்நகரின் பெயரை வைத்தாலும் பொருந்தும். சுவருக்கும் நீருக்கும் மரத்துக்கும் ஒரே வகையான அப்பல், யாவும் மின்னுகின்றன. கத்தி ஒன்றன் கனத்தைக் காட்டவந்த நிலை மாறி, தன்னையே காட்டிக்கொள்ளும் நிலை இது. இன்று இம்முறையைப் பயிலப் புகும் மாணவர் பலர் முதலிற் காண்பது இவ்வகைப் படங்களையே. ஆதலால் கத்தி என்றால் பளபளப்பு என்னும் மயக்கம் எளிதில் வேரூன்றுகின்றது.

கத்தி ஓவியத்துக்கு எதிராகக் கூறப்படும் தடைகள் இரண்டு. முதலாவது, நுண்மை கெடும் என்பது. கோபுரத்திலுள்ள சுதைச் சிற்பங்களைக் கத்தியால் எழுதவியலுமோ என வினவுவர். எண்ணி எழுதவியலாது, உண்மையே. ஆனால் வீதியில் நின்று கோபுரத்தை நோக்குபவன் சிற்பங்களை எண்ணுகிறானா? அடுக்கடுக்காகக் குறுகி எழும் ஒரு பிழம்பையும், மேடுகளில் ஒளியையும், பள்ளங்களில் நிழலையுமே காண்கிறான். அவ்வளவும் கத்தியின் எல்லைக்குட்பட்டதே. எண்ணிக்கை வேண்டுவோர் புகைப்படத்தை நாடலாம். இரண்டாவது தடை, கத்தி பயிற்சியின்மையை மறைக்கும் என்பது. வரையத் தெரியாதவன் வண்ணத்தை அப்பி ஒப்பேற்றுகின்றான் என்பர். இத்தடையில் உண்மை உண்டு. ஆயினும் குறை கருவியினதன்று. சுவர் சாய்ந்திருப்பதற்கும் வரைபவனின் கை சாய்ந்திருப்பதற்கும் உள்ள வேறுபாடு, அடியிலுள்ள கோட்டுப்படம் செம்மையாயிருந்தாலன்றிப் புலப்படாது. ராம் குமாரும் ரஸாவும் கத்தியை எடுக்கு முன்னர்ப் பல்லாண்டு வரைந்தவர்கள்.

இனி, இவ்வாராய்ச்சியைத் திருகோணமலைக்குக் கொண்டுவந்து நோக்குவது பயனுடைத்து. இந்நகரின் அச்சிட்ட காட்சிகளுட் பழமையானவற்றிற் சில, சாமுவேல் டானியல் என்னும் ஆங்கில ஓவியர் 1808இல் இலண்டனில் வெளியிட்ட இலங்கைக் காட்சித் தொகுதியில் உள்ளன. கோட்டையின் உயரத்திலிருந்து துறைமுகத்தை நோக்கிய பார்வை அது. நீர்ப்பரப்பு, குன்றுகள், மரக்கூட்டம் யாவும் தெளிவும் இனிமையும் உடையன. ஆயினும் அது காவற்படையின் கண். துறைமுகத்தை உடைமையாகக் கண்ட கண். ஊர் அங்குத் தொலைவிலுள்ள அணிகலனாய் நிற்கின்றதேயன்றி, வாழுமிடமாய்த் தோன்றவில்லை. 1811இல் இலங்கையிலேயே மறைந்த அவ்வோவியரைக் குறைகூறுவதற்கன்று இது. அவர் காலத்து மரபு அது. வருந்தத்தக்கது யாதெனின், இரு நூற்றாண்டுகட்குப் பின்னரும் பாடசாலைக் கண்காட்சிகளில் இத்தொலைப் பார்வையே பெரிதும் மீண்டும் மீண்டும் எழுதப்படுகின்றமைதான். நீலக்கடல், சுவாமிமலை, அதன் உச்சியிற் கோயில், பின்னே உதயசூரியன் என ஒரே அமைப்பு. பக்தியாற் பிறந்ததாயினும் அது நகரைக் காட்டுவதன்று.

சுவரைத் தேடும் ஓவியனுக்கு இந்நகரில் வறுமையில்லை. திருஞானசம்பந்தர் ஒலிக்கும் கடல் சூழ்ந்ததாகப் பாடிய கோணமாமலைக் கோயில் போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்டது. 1624ஆம் ஆண்டளவில் அக்கோயிற் கற்களைக் கொண்டு கோட்டை எழுப்பப்பட்டது. அதனை 1639இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். 1795இல் ஆங்கிலேயர் கைக்கொண்டு, 1803இற் பிரெட்றிக் கோட்டை எனப் பெயரிட்டனர். கோட்டை வாயிலில் மீன் இலச்சினையும் தமிழ்ச் சாசனமும் பொறித்த கல் இன்றும் உண்டு. இடிந்த கோயில் மீண்டும் எழுந்து 1963இற் குடமுழுக்குக் கண்டது. ஒரு சுவருள் மற்றொரு சுவர் மறைந்து கிடக்கும் ஊர் இது. அதனை எழுத ஒரு படை வண்ணம் போதுமா? அடியில் ஒரு நிறம், மேலே ஒன்று, சுரண்டிய இடத்தில் அடிநிறத்தின் மீட்சி என எழுதும் கத்தி முறை, இச்சுவரின் சரித்திரத்துக்கு உவமையன்று. அச்சரித்திரத்தின் செயலே எனலாம். சீனக்குடாவில் ஆங்கிலேயர் அமைத்த பெரிய எண்ணெய்த் தாங்கிகளும், காட்டினிடையே துருவேறி நிற்கும் அவற்றின் இரும்புச் சுவர்களும் இவ்வாறே கத்தியை வேண்டிநிற்கும் பொருள்கள்.

நகரிலிருந்து நிலாவெளி வீதிவழியே வடக்கே செல்வார், உப்புவெளியைக் கடந்து சாம்பல்தீவை அடைவர். களப்பும் பாலமும் பனையும் மணலும், இடையிடையே தாழ்ந்த வீடுகளும் கோயிலும் கடையும் கொண்ட ஊர் அது. பெயர்க்காரணம் யாதாயினும், ‘சாம்பல்’ என்னும் அச்சொல் ஓவியனுக்கு ஒரு பாடத்தை வைத்துள்ளது. கருமையும் வெண்மையும் கலந்து பெறும் சாம்பல் உயிரற்றது. செம்மையும் பசுமையும், அல்லது நீலமும் செங்காவியும் ஒன்றையொன்று தணிக்குமாறு கலந்து பெறும் சாம்பலே வெப்பமும் தண்மையும் உடையது. வாடைக்காற்றும் மாரிமழையும் வரும் கார்த்திகை, மார்கழி மாதங்களில் இக்கரையின் சுவர்கள் நனைந்து கருமை பாரித்து, களப்பின் நிறத்தோடும் வானின் நிறத்தோடும் ஒன்றுபடும். தை கழிந்தபின் கடலிலிருந்து எழும் காலை வெயில் கிழக்கு நோக்கிய சுவர்களைக் கண்கூச வெளுக்கச் செய்யும். மாலையில் அச்சுவர்களே முதலில் நிழலில் மூழ்கும். உப்புவெளிக் கரையிலிருந்து தென்கிழக்கே நோக்கினாற் சுவாமிமலையும் ஒரு சாம்பல்நிறப் பிழம்பாகவே தோன்றும். நீலத்தையும் பொன்னையும் மட்டுமே அறிந்த வண்ணப் பலகை இவ்வூரை அறியாது.

இன்னொன்றும் கூறவேண்டியுள்ளது. ஆளற்ற தெருவை எழுதுதல் பாரிஸில் ஒரு மனநிலை. காசியில் ஒரு தத்துவம். இம்மாவட்டத்தில் அது ஒரு சம்பவம். 2009வரை நீடித்த போரில் குடிகள் பெயர்ந்து, கூரையிழந்த வீடுகள் காடடர்ந்து கிடந்த காலம் உண்டு. 2004ஆம் ஆண்டு மார்கழி 26ஆம் நாட் கடற்கோள் இக்கரையை அள்ளிச் சென்றது. ஆதலின் இங்கே ஆளற்ற சுவரை எழுதுபவன் அழகுக்காக ஆட்களை நீக்கினேன் எனக் கூறி அமைந்துவிட இயலாது. காண்போர் அவ்வெறுமையில் தமக்குரிய பெயர்களைத் தேடுவர். ராம் குமாரின் வழியை அப்படியே பின்பற்றுவோர்க்கு இஃதோர் எச்சரிக்கை. மனிதரைச் சிறு பொம்மைகளாக நட்டுவைத்தலும் தீர்வாகாது. புதிதாகப் பூசிய ஒரு சுவர், பழைய அத்திவாரத்தின்மேல் வேறு நிறத்தில் எழுந்த ஓர் அறை, வேலியில் உலரும் ஒரு சேலையின் செம்மை என மனிதரின் மீட்சியைச் சுவரிலேயே காட்டலாம். கத்தியின் ஓர் அழுத்தத்தில் அமையத்தக்க சேலை, நூறு முகங்கள் சொல்லாததைச் சொல்லும். நகர ஓவியத்தின் அறம் இவ்விடத்தேதான் உள்ளது.

பயில விரும்புவார்க்குச் சில நடைமுறைகள் இன்றியமையாதன. கத்தி தூரிகையினும் பன்மடங்கு வண்ணத்தை விழுங்கும்; ஆதலால் பெரிய சீலையை நாடாது, ஒரு சாணளவான பலகையில் ஒரே ஒரு சுவரை எழுதிப் பழகுதல் சிக்கனமும் நன்மையுமாம். இழுத்துக் கட்டிய சீலை கத்தியின் அழுத்தத்திற்குத் துள்ளும்; கடினமான அட்டைப்பலகை அசையாது நிற்கும். தடித்த தைல வண்ணம் உலர வாரங்களும் மாதங்களும் ஆகும். கடற்கரையின் ஈரக்காற்றில் இன்னுந் தாமதமாகும். அடிப்படையில் எண்ணெய் குறைந்தும் மேற்படையில் மிகுந்தும் இருத்தல் வேண்டும். மாறினால் வெடிப்பு உண்டாகும். விரைந்துலரும் அக்கிறிலிக் வண்ணம் இவ்வகையில் மாணவர்க்கு வாய்ப்பானது. பாடசாலைகளில் வழங்கும் போஸ்டர் வண்ணத்தைத் தடிப்பாக அப்பினால் உலர்ந்து வெடித்து உதிரும். அதனைத் தவிர்த்தல் நன்று. ஒவ்வோர் இழுப்புக்குப் பின்னும் கத்தியைத் துணியாற் துடைத்தல் வேண்டும். துடையாத கத்தி முந்திய சுவரின் நிறத்தை அடுத்த சுவருக்கும் ஏற்றிவிடும். எல்லாவற்றினும் மேலாக, எங்கு நிறுத்துவது என்பதை அறிதல் வேண்டும். மேசன் சுவர் சமனானதும் சாந்தகப்பையைக் கீழே வைக்கின்றான். அழகு செய்கிறேன் என்று மேலும் மேலும் தடவுவதில்லை.

தொகுத்து நோக்கின் பின்வருவன பெறப்படும். வண்ணக் கத்தி புதுமைக்காகக் கொள்ளத்தக்க வேடிக்கையன்று. எடையும் படையும் பழமையும் உடைய பொருள்களை எழுதுதற்கேற்ற கருவி. நகரம் அத்தகைய பொருள்களுள் தலையாயது. உத்றில்லோ சுவரின் வெண்மையையும், ஸ்தாயெல் கூரைகளின் நெருக்கத்தையும், ரஸா வீடுகளின் கட்டமைப்பையும், ராம் குமார் நகரின் மோனத்தையும் அதனாற் பெற்றனர். தன்னொளியையே காட்ட முற்படும்போது அது தாழ்கின்றது. ஓர் ஊரின் சுவரை மற்றோர் ஊரின் சுவரினின்று பிரித்துக் காட்டும்போது உயர்கின்றது. திருகோணமலையும் அதன் அயலூர்களும் தொலைவிலிருந்து பலமுறை எழுதப்பட்டுவிட்டன. கோயிற் கல்லைத் தன்னுட் கொண்ட கோட்டைச் சுவரும், மாரியிற் கருத்துத் தையில் வெளுக்கும் சாம்பல்தீவு வீட்டுச் சுவரும் தம்மை அணுகிவந்து எழுதும் கையை எதிர்நோக்கி நிற்கின்றன. அக்கையிற் கத்தியிருப்பினும் தூரிகையிருப்பினும், சுவரைத் தொட்டறிந்த பின்னரே அது எழுதுமாயின், அப்படத்தைக் கண்ட எவரும் இஃது எந்த ஊர் என்று கேளார்.